முத்துக்கிருஷ்ணனுக்கு ஒரு சமூகம் தேவைப்பட்டது

நிதி கேட்டுத் திட்டம் எழுதும் புரபோசல்காரர் என்றோர் இனம் நம் ஊர்களில் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் ஃபைல், சட்டைப்பையில் இரண்டு பேனா, தோளில் என்றோ ஒரு கருத்தரங்கில் கொடுத்த துணிப்பை. யாரோ கிணற்றில் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஊரே கயிற்றைத் தேடி ஓடும்போது, இவர் மட்டும் ஓரமாக நின்று 'கிணற்றில் விழுந்தோர் மறுவாழ்வு' என்ற மூன்றாண்டுத் திட்டத்துக்கு மனத்துக்குள் முன்னுரை எழுதிக்கொண்டிருப்பார். கெட்டவர் அல்லர். அடுத்தவர் காசில் டீ கூடக் குடிக்கமாட்டார். ஆனால் எந்த விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தாலும், அதில் தேடுவது தன்னைத்தான் என்று நம்பிவிடுவார். அதுதான் கோளாறு.

திண்டுக்கல்லில் இந்த இனத்தை முழு வளர்ச்சியில் காண விரும்புவோர், பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில் ஒரு பழைய டயர்க் கடையின் மாடிக்கு ஏற வேண்டும். 'கதிரொளி ஊரக நகர்ப்புற ஒருங்கிணைந்த மக்கள் மேம்பாட்டு அறக்கட்டளை' என்ற பலகை அறையைவிட நீளமாக இருப்பதால், கடைசி இரண்டு சொற்கள் பக்கத்துத் தையல் கடையின் சுவரில் இருக்கும். உள்ளே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, செயலாளர் முத்துக்கிருஷ்ணன்.

ஐம்பத்தாறு வயது. குளங்களுக்கு நிதி வந்த காலத்தில் அவர் நீர் நிபுணர். கழிப்பறைக்கு வந்தபோது சுகாதார நிபுணர். சுனாமி நிவாரணத்துக்கு வந்தபோது அதற்கும் எழுதினார். திண்டுக்கல்லில் கடல் இல்லையே? அது அவருக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை. 'கடலோரத்தில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்களின் மன அழுத்தம்' என்று இருபது பக்கம் எழுதினார். அந்த விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

இப்படிப்பட்டவரை ஒரு படிவம் மடக்கிப் போட்டது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்து முன்னுக்கு வந்த ஒரு குடும்பம் அறக்கட்டளை ஒன்றை நடத்துகிறது. உள்ளூர் மக்கள் தாங்களே நடத்தும் சிறிய அமைப்புகளுக்கு மட்டுமே உதவி என்று அறிவித்திருந்தார்கள். மூன்றாவது கேள்வி இது: 'இந்த வேலையைத் தொடங்கியது யார்? முடிவெடுப்பது யார்?'

முத்துக்கிருஷ்ணன் பேனாவை மூடிவைத்தார். அவருடைய அறக்கட்டளையில் அவரைத் தவிர உறுப்பினர்கள் மூவர். மனைவி, மச்சான், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் சம்பந்தி. கூட்டத்துக்கு வருவது மனைவி மட்டும், அதுவும் சாப்பிடக் கூப்பிட. இருபத்திரண்டு வருடமாக மக்களை மேம்படுத்திவந்தவரிடம் கைவசம் மக்கள் யாரும் இல்லை. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தேறியதும், நடை பழக வாக்கர் வேண்டும் என்றார்கள். "காசு குடுத்து வாங்காதீங்க சார், குர்ஷித் அக்கா கிடங்குல கேளுங்க" என்றார் ஆட்டோக்காரர்.

அது ஒரு பழைய தோல் கிடங்கு. உள்ளே கட்டில்கள், வாக்கர்கள், வீல்சேர், கழிப்பறைவரை நடக்க முடியாதவர்களுக்கான கமோடு நாற்காலிகள், படுக்கைப்புண் வராமல் இருக்கப் போடும் வாட்டர் பெட் என்று நாற்பது சாமான்கள். கொரோனா சமயத்தில் குர்ஷித் பேகம், தலைப்பக்கம் தூக்கும் கட்டில் ஒன்றுக்காக ஊரெல்லாம் அலைந்தார். கட்டில் கிடைத்தது, கணவர் பிழைக்கவில்லை. நாற்பது நாள் கழித்து அந்தக் கட்டிலைப் பக்கத்துத் தெரு ஒச்சாயி வீட்டுக்குக் கொடுத்தார். அவர்கள் திருப்பித் தரும்போது கூடவே ஒரு வாக்கரையும் வைத்துவிட்டுப் போனார்கள். இப்படியே வளர்ந்தது. தெருப் பெண்கள் ஆறு பேர் பார்த்துக்கொள்கிறார்கள். வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது. கழுவித் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். சரியாகக் கழுவினார்களா என்று பார்ப்பது, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற கிளாரா.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. ஆனா சீக்கிரம் திருப்பிக் குடுத்துருங்க" என்றார் குர்ஷித் பேகம். "இடத்துக்காரவுக கிடங்க வித்துட்டாக. ரெண்டு மாசத்துல காலி பண்ணணும். இம்புட்டுச் சாமானையும் எங்க கொண்டுபோய் வைக்கன்னு தெரியல."

"யாருகிட்டயும் உதவி கேக்கலையா?"

"கேட்டோம். பதிவு இருக்கான்னாக. நாங்க ஆறு பேரு இருக்கோம்னேன். போனை வச்சுட்டாக."

முத்துக்கிருஷ்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவர்களிடம் வேலை இருந்தது, பதிவு இல்லை. இவரிடம் பதிவு இருந்தது. மாமியாருக்கான வாக்கரைக் கிடங்கிலேயே மறந்துவிட்டு ஆபீசுக்கு ஓடினார்.

ஒரே நாளில் முப்பத்து நான்கு பக்கம். அதில் வாக்கர், 'நடமாட்ட மீட்பு உபகரணம்' ஆயிற்று. கமோடு நாற்காலி, 'கண்ணியம்சார் துப்புரவு இருக்கை' ஆயிற்று. கிளாராவின் பினாயில் வாளிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். மறுநாள் கிடங்கில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டினார்.

குர்ஷித் பேகம் பொறுமையாகக் கேட்டார். "நல்லா இருக்குண்ணே. இதுல நாங்க எங்க வாரோம்?"

"பதினேழாம் பக்கம்மா. பயனாளிகள்."

"பயனாளியா? நாங்கதானேண்ணே குடுக்குறவங்க!"

"அப்படித்தாம்மா எழுதணும். வர்றவுக கேட்டா 'சமூகம் சார்ந்த மறுவாழ்வு'ன்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க?"

"கட்டில் குடுக்குறோம்ண்ணே."

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும், அந்தக் கோயம்புத்தூர்க் குடும்பத்திலிருந்து ஒருவர் நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. முத்துக்கிருஷ்ணன் பம்பரமானார். மைக் வந்தது, பொன்னாடை வந்தது, கிடங்கின் பாதியை மறைக்கும் அளவுக்கு ஃபிளக்ஸ் வந்தது. அதில் அவர் படம் ஆளுயரம். குர்ஷித் பேகமும் மற்றவர்களும் தபால்தலை அளவில் கீழே. அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று கமோடு நாற்காலிகளையெல்லாம் ஃபிளக்ஸுக்குப் பின்னால் தள்ளிவைத்தார்.

வந்தவர் மகேஸ்வரி. அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். பொன்னாடை ஏற்று நின்றார், குத்துவிளக்கு ஏற்றி நின்றார், வரவேற்புரையின் ஒன்பதாவது பக்கம் வரைக்கும் நின்றார். பிறகு மெதுவாக நகர்ந்து ஃபிளக்ஸுக்குப் பின்னால் போய், கைக்குக் கிடைத்த நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

முத்துக்கிருஷ்ணன் மைக்கை விட்டு ஓடினார். "மேடம், எந்திரிச்சிருங்க மேடம். அது வந்து... அது..."

"தெரியுமுங்க. எங்க மாமியாருக்கு நாலு வருசம் இதுதானுங்க. உக்கார நல்லாத்தானுங்க இருக்குது. நீங்க பேசுங்க."

எங்கே பேசுவது? வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கண்ணெல்லாம் சிவந்து இறங்கியவர் பெயர் ஈஸ்வரன். அப்பாவுக்குப் பக்கவாதம், காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், வாட்டர் பெட் உடனே வேண்டும். கிடங்கில் இருந்ததோ ஒன்றே ஒன்று. அதைத் தன் மாமியாருக்காக நேற்றே சொல்லிவைத்துவிட்டு, இன்று எடுத்துப்போக வந்து நின்றுகொண்டிருந்தாள் மஹ்ஜபீன்.

முத்துக்கிருஷ்ணன் இருவருக்கும் நடுவில் புகுந்தார். விருந்தாளி முன்னால் சண்டை நடந்தால் திட்டமே போச்சு. "நிகழ்ச்சி முடியட்டும் தம்பி, செத்த நேரம் பொறுங்க" என்று கிசுகிசுத்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. ஆறு பெண்களும் வட்டமாகக் கூடிவிட்டார்கள்.

"முதுகுல புண்ணு வந்துருச்சா?" என்று கேட்டார் கிளாரா.

"உள்ளங்கை அளவுக்கு இருக்குக்கா" என்று ஈஸ்வரன் தன் கையை விரித்துக் காட்டினார்.

"உன் மாமியாருக்கு?"

"இன்னும் இல்லக்கா" என்றாள் மஹ்ஜபீன்.

குர்ஷித் பேகம் அவளைப் பார்த்தார். "இது உனக்குப் பேசுனது. உன்னக் கேக்காமக் குடுக்க மாட்டோம். நீயே சொல்லு."

மஹ்ஜபீன் வாட்டர் பெட்டைப் பார்த்தாள், ஈஸ்வரனின் கையைப் பார்த்தாள். "அவுகளுக்கே குடுங்கக்கா. ஆனா எங்க வீட்டுக்குக் கிளாராக்கா தினம் வரணும். எனக்குப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரியாது."

"காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா வாரேன். அடுத்து எந்த வாட்டர் பெட் திரும்பி வந்தாலும் அது உனக்குத்தான்" என்றார் கிளாரா.

முடிந்தது. மொத்தம் மூன்று நிமிடம்.

"அண்ணே, அந்த முனையப் பிடிங்க!" என்றார் குர்ஷித் பேகம். யாரைச் சொல்கிறார் என்று முத்துக்கிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். அவரைத்தான். வரவேற்புரையைத் தரையில் போட்டுவிட்டு ஒரு முனையைப் பிடித்தார். வேட்டி தடுக்க, மூச்சு வாங்க, மடித்த மெத்தையை ஆட்டோவில் ஏற்றினார். ஈஸ்வரன் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்க சார்" என்றார். இத்தனை வருடத்தில் முத்துக்கிருஷ்ணனுக்கு எத்தனையோ நன்றிக் கடிதங்கள் வந்திருந்தன. எல்லாமே அவர் டைப் செய்து கையெழுத்து வாங்கியவை. இது ஒன்றுதான் தானாக வந்தது.

உள்ளே வந்தபோது மகேஸ்வரி அதே நாற்காலியில் முப்பத்து நான்கு பக்கத்தையும் புரட்டிக்கொண்டிருந்தார். "முடிவெடுக்கறது யாருன்னு கேட்டிருந்தோமுங்க. கண்ணாலயே பாத்துட்டனுங்க. இத எழுதுனது யாருங்க?"

"நான்தான் மேடம்" என்றார் முத்துக்கிருஷ்ணன், ஈனக் குரலில்.

"ஒரே பக்கத்துல எழுதித் தருவீங்களா? இங்க நடக்கறத மட்டும்."

முப்பத்து நான்கு பக்கத்துக்கு ஒரு நாள் ஆனது. ஒரு பக்கத்துக்கு நாலு நாள் ஆனது. 'ஒருங்கிணைந்த' என்று எழுதுவார், கிளாரா கோடு போட்டு அடிப்பார். 'நிலைத்த தன்மை' என்று எழுதுவார், குர்ஷித் பேகம் "அப்படின்னா?" என்பார், முத்துக்கிருஷ்ணனே அடிப்பார். கடைசியில் மிஞ்சிய பக்கத்தை, முதல் கட்டிலை வாங்கிப்போன ஒச்சாயிக்குப் படித்துக் காட்டினார்கள். "ஆமா, இப்படித்தான் செய்றீக" என்றாள் ஒச்சாயி.

உதவி கிடைத்தது. புது இடத்துக்கு மூன்று வருட வாடகை, கூடவே ஆறு வாட்டர் பெட். ஒரே ஒரு நிபந்தனை, கதிரொளி அறக்கட்டளையில் அந்தப் பெண்களும் உறுப்பினராக வேண்டும். மச்சானும் சம்பந்தியும் விலகிக்கொண்டார்கள். தாங்கள் இத்தனை நாள் அதில் இருந்ததே அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

முத்துக்கிருஷ்ணன் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? போன வாரம் டிரோன் திட்டம் ஒன்றுக்கு எங்கோ விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். "ஏம்மா, சிறுமலைக்கு டிரோன்ல வாக்கர் அனுப்புனா எப்படி இருக்கும்?" என்று கண்கள் மின்னக் கேட்டார். "மொதல்ல இந்தக் கட்டிலுக்கு நட்டு முறுக்குங்கண்ணே" என்றார் குர்ஷித் பேகம். முறுக்கினார். சந்தோஷமாகத்தான் முறுக்கினார்.

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பையனுக்கு வரன் தேடியபோது, எட்டு மாதமாக வீட்டில் சும்மா இருந்தவனைச் 'சொந்தத் தொழில் முனைவோர்' என்று ஜாதகத்தோடு எழுதி அனுப்பினார்களே, அந்தக் கையெழுத்து யாருடையது? சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துவைக்காத ஒருவர், வேலைக்கான விண்ணப்பத்தில் 'குழுவோடு இணைந்து உழைப்பதில் பேரார்வம்' என்று எழுதினாரே, அவர் யார்? எழுதும்போது கொஞ்சமாவது கூச்சமாக இருந்ததா? இல்லைதானே? அப்படியென்றால் ஒரு நாள் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து போங்கள். குர்ஷித் பேகத்துக்கு ஒரு கட்டிலை மூன்றாம் மாடிக்குத் தூக்க ஆள் தேவைப்படுகிறது.