கருணாகரர் வாய்நிறைய நீர் தாங்கிக் கவலையை எதிர்த்த படலம்

வாழ்க கருணாகரர்! காஜா பேராங் சாலையின் கறைநீக்கு கோமான், கஞ்சித்தொட்டியின் ஏகாதிபதி, சுருக்கங்களின் குலப்பகைவர், சாலையில் போகிறவன் முதுகைக் கண்டமாத்திரத்தில் அந்தச் சட்டை தம் கடையில் வெளுத்ததா வேறெங்கும் வெளுத்ததா என்று உரைக்கவல்ல கழுகுக்கண்ணர் வாழ்க! அன்னார் புகழ்பாட ஆயிரம் நா வேண்டும். எனக்கு இருப்பதோ ஒன்று, அதையும் வெற்றிலைச் சுண்ணாம்பு பாதி பொத்துவிட்டது. ஆகவே கலைமகளே, நீயே இறங்கி வந்து இந்தச் சவர்க்காரப் பெட்டியின் மேல் அமர்ந்து எனக்குச் சொல் எடுத்துக் கொடு. டோபிக் கடையில் நாற்காலி கிடையாது.

இத்தகு மாவீரருக்கும் ஒரு பகை இருந்தது. வாளேந்திய பகையன்று, வேலேந்திய பகையன்று. வருங்காலம் என்னும் உருவமிலாப் பெரும்பகை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டின் ஆகஸ்டுத் திங்கள் தேய்ந்து, மலாய் நாட்டின் மெர்டேக்கா எனும் விடுதலைப் பெருநாள் வாசற்படியில் வந்து நிற்க, ஊரெல்லாம் கொடியும் தோரணமும் கட்டிக் களித்திருக்க, நம் வீரர் மட்டும் ஒரே வினாவை ஓயாது மென்றுகொண்டிருந்தார். வெள்ளையன் கப்பலேறிய பின் கஞ்சி போட்ட கால்சட்டையை எவன் அணிவான்? எல்லாரும் சாரோங்கு கட்டிக்கொண்டால் மடிப்பு ஏது, மடிப்பு இல்லையேல் டோபி ஏது? இவ்வாறு சிந்தனைக்கடலுள் மூழ்கியவர், முந்தின வாரம் தோட்டத்துத் துரை ஒருவரின் சட்டைமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தபடியே மூழ்கிவிட, முதுகின் நட்டநடுவே பெட்டி வடிவில் ஒரு பழுப்பு இலச்சினை பொறிக்கப்பட்டது. துரை வேறு டோபியைப் பார்த்துக்கொண்டார்.

அதுகண்டு வெகுண்டெழுந்தார் கஞ்சி கிண்டும் துடுப்பையே செங்கோலாய்த் தாங்கிய கமலவேணி அம்மையார், வீரரின் இல்லத்தரசி. எழுந்து, கேட்டோர் நடுங்க ஓர் ஆணை பிறப்பித்தார்.

“இந்தா பாருங்க. பெட்டி கையில இருக்கிற வரைக்கும் கவலப்படக் கூடாது. கீழ வெச்ச பொறவு ஒக்காந்து நல்லா கவலப்படுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தேத்தண்ணி கூடக் கலக்கித் தர்றேன். எவனாச்சும் வந்து வாயக் கெளறுனா, தண்ணிய வாயில வெச்சுக்குங்க.”

நீர் எதற்கு என்று வினவுவோர்க்கு விளம்புகிறேன். டோபி குலத்தார் வாய்கொள்ளுமட்டும் நீரை அடக்கி, உதடு குவித்து, பனித்துளிபோல் துணிமேல் ஊதி, அந்த ஈரத்தின்மேல்தான் பெட்டியை ஓட்டுவர். முகஞ்சுளிப்போர் சுளிக்கலாம், அதை உடுத்திக்கொண்டுதான் துரைமார் இத்தனை காலம் நாட்டை ஆண்டார்கள்.

ஆணை பிறந்த மறுநாளே அக்கினிப் பரீட்சை வந்தது. அரசாங்க அலுவலகத்து எழுத்தர்க்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துப் பொன்னுதுரை, தம் வெண்ணிற டிரில் துணிக் கோட்டைக் குழந்தையை ஒப்படைப்பதுபோல் இரு கையாலும் ஒப்படைத்தார். பண்டார் ஹிலிர் பாடாங்குத் திடலில் மெர்டேக்காக் காலை அணிவகுப்பு நடக்கையில் அவர் அணியவேண்டிய கோட்டு.

“என்னட்ட இருக்கிறது இது ஒண்டுதான், கருணாகரன். கவனமாச் செய்யும்.”

அந்தக் கோட்டில் கடுகளவு கருகினாலும் பொன்னுதுரை போய்விடுவார். அவர் போனால் அவர் பின்னே கிராணிமார் அத்தனைபேரும் போவர். அதன்பின் கடைக்கு ஒரு பூட்டுத்தான் பாக்கி. இது வீரருக்கும் தெரியும், துடுப்பேந்திய அம்மையாருக்கும் தெரியும்.

சிரட்டைக்கரி செந்தணலாய்ச் சிவந்தது. கோட்டு மேசைமேல் போர்க்களமாய் விரிந்தது. வீரர் இரு கன்னமும் புடைக்க நீர் நிறைத்து, பெட்டியின் கைப்பிடியைப் பற்றி, முதல் உழவு உழுதார். சுருக்கங்கள் இடமும் வலமும் சிதறி ஓடின. அந்நேரம் பார்த்துத்தான், அணையாச் சுருட்டுக்கும் அடங்கா வாய்க்கும் உரியவரும், பேருந்தில் சீட்டுக் கிழித்து ஓய்ந்தபின் ஊர்வம்பையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவருமான அப்பாசாமி, சுருட்டுக்கு நெருப்புக் கேட்டு உள்ளே நுழைந்தார். நெருப்பை எடுத்துக்கொண்டார், ஆனால் போகவில்லை.

“கேட்டியா கருணா, செங் தோட்டத்துத் தொரைங்கல்லாம் பொட்டி கட்டிட்டானுங்களாம்.”

முதற்கணை பாய்ந்தது. வீரர் “ம்” என்றார். நீர் நிறைந்த வாயால் அவ்வளவுதான் இயலும். கணையின் வேகம் கன்னத்து அகழியில் விழுந்து ஒழிய, கோட்டின் இடக்கை மடிப்பு கத்திபோல் எழுந்தது.

“இனிமே எல்லாம் சாரோங்குதான். ஒன் கஞ்சி வேல மலையேறிப் போச்சுப்பா.”

ஐயோ, அது இரண்டாம் கணை! வீரர் ஒரு மிடறு நீரை விழுங்கிவிட்டார். நெஞ்சுக்குள் கவலைப் படைகள் கோட்டைக் கதவை முட்டின. பிள்ளைகள் சோற்றுக்கு என்ன செய்யும், கடை வாடகைக்கு எங்கே போவது என்று தூதர் வந்து ஊளையிட்டனர். ஆயினும் பெட்டி ஓடியது. வலக்கையும் முடிந்தது.

“நான் ஊருக்கே கப்பலேறிடலாம்னு பாக்கிறேன். நீயும் கெளம்பு. ஒனக்கு இங்க என்னா இருக்கு?”

பெட்டி நின்றது. கோட்டின் மார்புமேல், பொத்தான் வரிசைக்கு ஒரு விரல் தள்ளி, தணல் நிறைந்த பெட்டி அசையாது நின்றது! வீரர் பிறந்தது காஜா பேராங், மணந்தது காஜா பேராங், கப்பலைக் கண்டதெல்லாம் கரையில் நின்றுதான். அந்தக் கேள்வி அவருக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. துணியினின்று மெல்லிய ஆவி எழுந்தது. கமலவேணியாரின் துடுப்பு தொட்டிக்குள் நழுவி விழுந்தது. மறுமொழி சொல்ல வாய் துடித்தது, வாயிலோ நீர், விழுங்கினால் கவலை உள்ளே இறங்கும், உமிழ்ந்தால் கோட்டு பாழ். என் செய்வார் தனி வீரர்! பெட்டியை வான்நோக்கி உயர்த்தி, உடலைத் திருப்பி, அகழிநீர் அனைத்தையும் வருணாத்திரமாய்த் தொடுத்தார். அது பொழிந்த இடம் அப்பாசாமியின் முகம். சுருட்டு அணைந்தது.

“எனக்கு இங்கதான்யா எல்லாம் இருக்கு!” என்று முழங்கினார் கருணாகரர்.

அப்பாசாமி முகத்தைத் துடைத்து, சுருட்டை ஒருமுறை பிழிந்து பார்த்து வெளியேறினார். அம்மையார் ஓடிவந்து கோட்டை வெளிச்சத்தில் பிடித்தார். மறுவில்லை, கருகலில்லை, பால்வெண்மை மாறவில்லை. அதை மாட்டித் தொங்கவிட்டபின் வீரர் பெட்டியைக் கீழே வைத்தார். சவர்க்காரப் பெட்டியின் மேல் கலைமகள் சற்றுத் தள்ளி இடம்விட, அமர்ந்தார். தேத்தண்ணி வந்தது.

“இப்ப கவலப்படுங்க” என்றார் கமலவேணி.

சட்டப்படி கிட்டிய உரிமையோடு வீரர் பெருமூச்சொன்று இழுத்து, முதற்கவலையை முறையாக வரவழைக்கத் தொடங்கினார். பாதி வந்திருக்கும். வாசலில் மளிகைக்கடை ஹனீபா நின்றார், கையில் வெள்ளை ஜிப்பாவும் கால்சட்டையும். அவர் பின்னே டீச்சர் விஜயா, பருத்திப் புடவையோடு. அவர் பின்னே மலாய்க்காரத் தபால்காரர், தம் வீட்டு ஆண்கள் அனைவரின் சட்டைகளோடு. இன்னும் யார் யாரோ. பாடாங்கில் போய் நிற்கையில் ஊரார் ஒருவருக்கும் ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாதாம். துணிமலை மேசையை மறைத்து வளர்ந்தது.

வீரர் அந்த மலையை நிமிர்ந்து நோக்கி, மிச்சமிருந்த கவலை அத்தனையும் திரட்டி ஒரே வினாவாகக் கேட்டார்.

“பாய், மெர்டேக்கா முடிஞ்ச பொறவு?”

“முடிஞ்ச பொறவு அழுக்காயிருக்கும்ல? திரும்பக் கொண்டாருவேன்” என்றார் ஹனீபா.

திசையானைகள் செவிசாய்க்க, ஏழ்கடலும் அலையடங்க, எதிர்காலம் என்னும் பெரும்பகை சாலையோரச் சாக்கடையைத் தாண்டிப் புறங்காட்டி ஓட, கஞ்சித்தொட்டியின் ஏகாதிபதி தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தெழுந்து, அணையப்போன தணலை ஊதிச் சிவக்கவைத்து, அடக்கவொண்ணாச் சிரிப்போடு கன்னம்நிறைய நீர் மொண்டு நின்றார்.

பெட்டி கையில் இருந்ததால் அன்றைக்கு அவர் கவலைப்படவில்லை.