ராகுகாலம் கழித்து ஓடிய எட்டுச் சுற்று

லாசால், மொன்றியல்
செப்டம்பர் 14

பத்தாவது ஆண்டு மலரின் ஆசிரியர், பெருமதிப்புக்குரிய திரு. அருளம்பலம் அவர்களுக்கு,

தங்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நேற்றுத்தான் கோயிலில் கையில் இரண்டு வடையோடு உங்களைக் கண்டேன், நலமாகத்தான் நின்றீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அச்சுக்குப் போகுமுன் பார்க்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய 'எங்கள் பிக்கப் ஓட்டப் போட்டியின் வரலாறு' கிடைத்தது. அதன் கடைசி வரி: "இவ்வாண்டு கிருபானந்தன் அண்ணை போட்டியில் கலந்துகொள்ளவில்லை, மரநிழலில் ஓய்வெடுத்தார்." வருகிற தை மாதம் எனக்கு எழுபது. எழுபது ஆனவர் ஓடக்கூடாது என்று உங்கள் குழு புதுச்சட்டம் போட்டுவிட்டது. ஆக, அந்த வரலாற்றில் என்னைப்பற்றி வரப்போகிற கடைசி வரி அதுதான். அந்த வரியோடு நான் போகமாட்டேன்.

வரலாறு என்றால் முதலிலிருந்து ஒழுங்காக எழுதவேண்டும். பத்து வருஷத்துக்கு முந்தி, டொலார்ட் முருகன் கோயில் வாகனத் தரிப்பிடத்தில், அன்னதானத்துக்கு மட்டும் தவறாமல் வருகிற கூரைவேலைக்கார டனிஸ்ரனும் வீட்டுச்சாமான் ஏற்றி இறக்கும் யதுர்ஷனும், யாருடைய பிக்கப் லொறி வளைவில் நன்றாகத் திரும்பும் என்று தொடங்கிய வாய்ச்சண்டைதான் இந்தப் போட்டிக்கு மூலம். நகரத்துக்கு வெளியே இடமும் வலமுமாக ஒன்பது வளைவுள்ள ஓடுபாதையை அரைநாள் வாடகைக்கு எடுத்தோம். முதல் வருஷம் மூன்று பிக்கப். மூன்றும் இரண்டாவது வளைவிலேயே பம்பரம்போலச் சுற்றிப் புல்லுக்குள் போய் நின்றன, ஏனென்றால் பின்பெட்டி வெறுமையாக இருந்தால் பின்சில்லுக்குப் பிடி இல்லை. எட்டு மூட்டை அரிசி ஏற்றினால் வழுக்காது என்று அடுத்த வருஷம் கண்டுபிடித்தவன் நான். பனிக்குள் இருபத்தேழு வருஷம் மாநகர பஸ் ஓட்டியவனுக்கு அது தெரியும். நீங்களோ அதை டனிஸ்ரனின் பெயரில் போட்டிருக்கிறீர்கள். அவர் செய்தது என்னவென்றால், அரிசிக்குப் பதில் கோதுமை மா ஏற்றி, ஒரு மூட்டை வெடித்து மா பறக்க, பின்னால் போன நான் தண்ணீர் அடித்து வைப்பரைப் போட, என் கண்ணாடி முழுக்க ரொட்டிக்கு மா குழைந்தது. போன வருஷம் அதே டனிஸ்ரன் ஆறாவது வளைவில் என்னை இடித்து, தோள்மூட்டு விலகி, ஒரு மாதம் என் மனைவி சிவமலர்தான் எனக்குச் சோறு தீத்தினா. அதையும் உங்கள் வரலாற்றில் காணோம்.

இனி இந்த வருஷத்துக்கு வருவம். போட்டி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம் எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை. டனிஸ்ரன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். நான் எஞ்சினை நிப்பாட்டி, பிக்கப்பை மரத்தடியில் விட்டுவிட்டு உள்ளேயே இருந்தேன். செம்மஞ்சள் சட்டை போட்ட ஓடுபாதைக்காரர் வந்து வாகனம் பழுதோ என்று கேட்டார். ஒரு பாம்பு சூரியனுக்குக் குறுக்கே நிற்கிறது, பத்தரைக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். அவர் சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோப்பி குடிக்கப் போய்விட்டார். நீங்கள் எல்லாரும் எட்டுச் சுற்றிலும் என்னைக் கடக்கும்போது ஹோர்ன் அடித்தீர்கள். ஒன்பது பதினெட்டுக்கு முடிந்தது. யதுர்ஷன் புல்லுக்குள், கூட ஓடிய ஆனந்தராசாவின் பிக்கப் பின்கதவு கழன்று நடுப்பாதையில், வென்ற டனிஸ்ரனுக்கே ஒரு பக்கக் கண்ணாடி மிஞ்சவில்லை. ராகு செய்யாமல் வேறை ஆர் செய்தது?

பத்து முப்பத்தொன்றுக்கு, நீங்கள் கொத்துரொட்டிக்கு வரிசையில் நிற்க, நான் வெளிக்கிட்டன். எட்டுச் சுற்று. ஒரு கீறல் இல்லை. நேரம் பிடித்தது அக்னெஸ், டனிஸ்ரனின் கூடப்பிறந்த அக்கா. டனிஸ்ரனுக்குப் பதினேழு நிமிஷம் நாற்பத்திரண்டு செக்கன். எனக்குப் பதினேழு நிமிஷம் முப்பத்தொரு செக்கன். பதினொரு செக்கன், தம்பி! அதுக்கு நீர் ஒலிபெருக்கியிலை "பஸ் பிந்தி வந்திட்டுது" எண்டீர், சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. இருபத்தேழு வருஷத்திலை ஒரு நிமிஷம் பிந்தி பஸ் எடுக்காதவன் நான். அண்டைக்கு ஒண்டரை மணித்தியாலம் பிந்தினது நேரம் பாக்கத் தெரிஞ்சபடியால்தான்.

ஆகவே முதலிடம் கிருபானந்தன், இரண்டாமிடம் டனிஸ்ரன் என்று திருத்தி அச்சடிக்கவும். மாட்டீர்கள் என்றால், அக்னெஸ் நேரம் எழுதித் தந்த துண்டுக் கடதாசியை இருநூறு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். மலர் வெளியீட்டன்று மண்டப வாசலில் நின்று, சந்தனம் குங்குமத்தோடு சேர்த்து ஆளுக்கொன்று கொடுப்பேன்.

உங்களுக்கும் குடும்பத்துக்கும் முருகன் நீண்ட ஆயுளும், மணிக்கூடு பார்க்கும் பொறுமையும் தரட்டும்.

இப்படிக்கு,
வளைவில் மட்டும் வளைந்து கொடுக்கும்,
க. கிருபானந்தன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் சிவமலர் வாங்கிப் படித்தா. குசினியில் தொங்குவது என் தங்கச்சி யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பின கலண்டராம். கோயில் தந்த மொன்றியல் கலண்டரைக் கொண்டுவந்து காட்டினா. அதன்படி, இங்கே சூரியன் உதிக்கிற கணக்கில், அன்று ராகுகாலம் ஒன்பது இருபத்துநாலுக்குத் தொடங்கிப் பதினொன்று பதினொன்று வரைக்கும். நீங்கள் ஓடி முடித்தது நல்ல நேரத்தில். நான் ஓடியது நட்டநடு ராகுவில்.

அண்டைக்கே தெரியுமோ என்று கேட்டேன். "ஓம், தெரியும்" எண்டா. ஏன் சொல்லேல்லை என்று கேட்டேன்.

"தனிய ஓடினா உங்களை இடிக்க ஒருத்தரும் இல்லை. ராகுவை நான் சமாளிப்பன், டனிஸ்ரனை ஆர் சமாளிக்கிறது?"

ஆகவே ராகு பற்றி மேலே எழுதியதெல்லாத்தையும் வெட்டிவிடவும். உங்கள் கடைசி வரி அப்படியே இருக்கட்டும்: நான் போட்டியில் கலந்துகொள்ளவில்லைத்தான், சிவமலர் கலந்துகொள்ள விடேல்லை. ஆனால் அந்தப் பதினொரு செக்கனை மட்டும் விடமாட்டேன். அதைப் பக்கத்தில் சின்ன எழுத்திலாவது போடவும், சிவமலரின் பெயரில்.