கிணற்றைத் தவிர அனைவரும் நலம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார், சலவைக் கடை மேஜையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் அத்தையின் தம்பியும் நலம். கிணறு மட்டும் நலமில்லை. அங்கே உங்கள் நலம், என் மகளின் நலம், சின்னவளின் நலம், உங்கள் அப்பாவின் முழங்கால் நலம் எல்லாவற்றையும் அறிய ஆவல். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போன் என்றால் உங்கள் அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எனக்கும் போனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். அதையும் மீறி நான் வாயைத் திறந்தால் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்கிறீர்கள். அந்த மரியாதையில் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது புகார்க் கடிதம் அல்ல. பெண்ணைக் கொடுத்த இடத்தில் புகார் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி எங்கள் தெருவுக்குப் பின்னால் எரிவாயு எடுக்கக் குழாய் இறக்கியபோது தெருவே முணுமுணுத்தது. நான் ஒருவன்தான் "நம்ம மாப்பிள்ளை கம்பெனிங்க, எல்லாம் சுத்தமா செய்வாங்க" என்று மார்தட்டினேன். நீங்கள் அதிலே தண்ணீர்ப் பரிசோதனை அதிகாரி என்பதைக் கடைக்கு வந்தவர், வராதவர், வழி கேட்க நின்றவர் எல்லோரிடமும் சொன்னேன். சட்டை வாங்க வந்தவர்கள் சட்டையை மறந்துவிட்டுத் தப்பித்து ஓடும் அளவுக்குச் சொன்னேன். ஆகவே இனிமேல் எழுதுவதைப் புகாராக எடுத்துக்கொள்ளாமல் ஒரு தகவலாக, கொஞ்சம் நீளமான தகவலாக எடுத்துக்கொள்ளவும்.

விஷயம் மண்ணெண்ணெய் வாசனையில் ஆரம்பித்தது. துவைத்து, நீலம் போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டு மடித்த சட்டையை மோந்து பார்த்தால் மண்ணெண்ணெய் அடுப்போடு குடித்தனம் நடத்திய மாதிரி இருந்தது. நான் சோப்புத் தூளைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன், போகவில்லை. மெஷினைச் சந்தேகப்பட்டேன், மெக்கானிக் வந்து பிரித்துப் போட்டு உள்ளேயிருந்து ஒரு ஒற்றைக் காலுறையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார், வாசனை போகவில்லை. கடைசியில் வழக்கம்போல் மச்சினனைச் சந்தேகப்பட்டேன். அவன் கல்லாவில் உட்கார்ந்து சிகரெட் ஊதுகிறவன், தீப்பெட்டி இல்லாமல் அவனைப் பார்த்ததே இல்லை. "இந்த வீட்ல எது நாறினாலும் நான்தானா?" என்று அக்காவிடம் போய் அழாத குறையாகக் கேட்டுவிட்டு, ரோஷத்தில் சிகரெட்டை விட்டான். வாரம் ஓடியது. சிகரெட் நின்றது, நாற்றம் நிற்கவில்லை. "நிரூபிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சேர்த்து ஊத ஆரம்பித்தான்.

இதற்குள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தெரு டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, "ஊசி போடக் கிட்டப் போனா, வண்டி எப்ப சார் ரெடியாகும்னு என்னைக் கேக்கறாங்க" என்றார். அவரையாவது சமாளித்தேன். தீயணைப்பு நிலையத்து அதிகாரி வந்தாரே, அவரை என்ன சொல்லிச் சமாளிப்பது? அந்த நிலையத்துச் சீருடை எல்லாம் நம்ம கடையில்தான் வெளுக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மனுஷர் கோபமே படவில்லை. சட்டையை என் மூக்குக்கு நேராக நீட்டி, "அண்ணே, நாங்க தீயை அணைக்கப் போறவங்க. போற இடத்துல நாங்களே பத்திக்கக் கூடாது, இல்லையா?" என்று தன்மையாகக் கேட்டார். அந்தத் தன்மைதான் என்னைக் கொன்றது. மாற்று உடை உட்பட அத்தனை சீருடையையும் திரும்ப வாங்கி ஊறப் போட்டேன்.

அன்று பார்த்துத்தான் நம்ம ஆள் தன் திறமையைக் காட்டினான். கிணற்றுத் தண்ணீரை ஏற்றி வைக்கும் மாடித் தொட்டி இருக்கிறதல்லவா, மூடி போட்டு வெயிலில் கிடக்கும், அதில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மச்சினன் மேலே போனான். போனவன் சும்மா போகக் கூடாதா? வாயில் சிகரெட். ஒரு கையால் மூடியைத் திறந்து, மறு கையால் தீக்குச்சியைக் கிழித்திருக்கிறான். புஸ்ஸென்று ஒரு சத்தம், நீல நிறத்தில் ஒரு ஜுவாலை, அப்புறம் "அக்கா!" என்று ஒரு அலறல். மூடிய தொட்டிக்குள் கிணற்றுத் தண்ணீரிலிருந்து கிளம்பிய வாயு சேர்ந்து கிடந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. கடவுள் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றுமில்லை. மீசை மட்டும் வலது பக்கம் இல்லை. இடது பக்கத்தையும் எடுத்துவிடுடா என்றால், "எதுக்கு? சாட்சி வேணாமா?" என்கிறான். அரை மீசையோடுதான் தெருவில் நடமாடுகிறான்.

உங்கள் அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டாள். அவர்கள் மணியடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள் பாருங்கள், எல்லோரும் பனியனோடு! சீருடைதான் நம்ம சலவைத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறதே. அதிகாரி இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, எரியறது எங்க யூனிஃபார்மா?" என்பதுதான். தெருவே மொட்டை மாடியில் நின்று வேடிக்கை பார்த்தது. அணைக்கத் தீ இல்லாததால் அவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வாளியில் மொண்டு மேலே தூக்கிக் காட்டினார். தண்ணீருக்கு மேலே எண்ணெய்ப் படலம், மயில் கழுத்து மாதிரி பளபளவென்று. நான் அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். சோப்பு நுரை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

காரணம் தேடி வெகுதூரம் போகவில்லை. உங்கள் கம்பெனி வாட்ச்மேன் நம்ம வாடிக்கையாளர். குழாய் இறக்கும்போது வெளியே வருகிற எண்ணெய்ச் சேற்றையும் கழிவுத் தண்ணீரையும் எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டையில் விடுகிறார்கள் அல்லவா, அதன் அடியில் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு கிழிந்துவிட்டதாம். "நான் சொல்லிட்டுத்தான் இருக்கேன். தண்ணி ரிப்போர்ட் நல்லா இருக்கே, விரிப்பை எதுக்கு மாத்தணும்னு கேக்கறாங்க" என்றார். நாற்றமெடுக்கிற தண்ணீருக்கு நல்ல ரிப்போர்ட்டா? விசாரிக்கக் குடிநீர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"உங்க கிணத்துத் தண்ணிதான். மூணு தடவை எடுத்துப் பாத்திருக்காங்க. மூணு தடவையும் முதல் தரம். இந்தக் கையெழுத்து யாருது?"

"எங்க மாப்பிள்ளையோடது."

"அப்ப, நீங்க உங்க மாப்பிள்ளை பொய் சொல்றாருங்கறீங்களா?"

இதற்கு ஒரு மாமனார் என்ன பதில் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். "சேச்சே, அவர் தங்கமானவருங்க" என்றேன். "பின்ன என்ன, போய்ட்டு வாங்க" என்றார். வந்துவிட்டேன்.

வழி நெடுக உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் அத்தையிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் முகம் பூரித்துப்போனது. "முதல் தரம்னா எழுதியிருக்கார்? பாத்தீங்களா!" என்றாள். மெதுவாகக் கேட்டேன். விஷயம் வெளியே வந்தது. உங்கள் ஆபீசிலிருந்து மாதிரித் தண்ணீர் எடுக்க ஒருவர் வந்தபோதெல்லாம் நான் கடையில் இருந்திருக்கிறேன். இவள் அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, டீ கொடுத்து, "நீங்க எதுக்குத் தம்பி கயிறு இழுத்துக்கிட்டு? பாட்டிலைக் குடுங்க, நான் ரொப்பித் தரேன்" என்று வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய், குடிக்க வாங்கி வைத்திருக்கும் கேன் தண்ணீரை நிரப்பிக் கொடுத்திருக்கிறாள்! ஒரு தடவை அல்ல, மூன்று தடவையும்.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றேன்.

"மாப்பிள்ளை ஆபீஸ்லருந்து வந்திருக்காங்க. அவங்க கையில அந்தக் கருமத்தையா குடுத்தனுப்பறது? பொண்ணைப் பெத்த வீட்டுத் தண்ணி நாறுதுன்னு நாலு பேர் பாத்தா அவருக்கில்ல அவமானம்?" என்றாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் பொய் சொல்லவில்லை மாப்பிள்ளை. வந்த தண்ணீரைப் பார்த்தீர்கள், வந்ததை எழுதினீர்கள். வழி நெடுகக் கோபப்பட்டதற்கு மன்னிக்கவும். ஆனால் அந்த ரிப்போர்ட்டைக் கம்பெனி வாசலில் பெரிய போர்டாக எழுதி மாட்டியிருக்கிறார்கள். தெருவில் மற்றவர்கள் கிணறும் நாறுகிறது. அவர்கள் போய்க் கேட்டால், "பக்கத்துல இருக்கற சலவைக் கடைக் கிணறே முதல் தரம், உங்களுக்கு என்ன?" என்று அந்தப் போர்டைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். மாப்பிள்ளைக்காக மாமனார் வாயை மூடிக்கொண்டார் என்று என் காதுபடவே பேசுகிறார்கள். எதிர்வீட்டு டீச்சரம்மா இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் செருப்பைப் பார்க்கிறார். நம்ம கிணறு போனால் கடை போகும், அது பெரிதுதான். ஆனால் நம்ம வீட்டு ரிப்போர்ட்டால் தெருவே நாசமாகிறது என்றால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது?

ஆனால் நீங்கள் பதற வேண்டாம். எல்லாவற்றுக்கும் வழி செய்துவிட்டேன். இன்று காலை நானே கயிறு இழுத்து, நானே மொண்டு, ஒரு பாட்டில் நிறைய அசல் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, மூடிக்கு மெழுகு வைத்து ஒட்டி, மச்சினன் கையில் கூரியருக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். அதைப் பரிசோதித்து, பழைய ரிப்போர்ட்டை மாற்றி எழுதினால் போதும். விரிப்பை மாற்றுவார்கள், குட்டையைக் காலி செய்வார்கள், தெரு என்னோடு பேசும். உங்களுக்கு ஆயிரம் வேலை. இதற்காக நேரில் வர வேண்டாம். சின்னவளை மட்டும் வழக்கம்போல் லீவுக்கு அனுப்பிவையுங்கள். போன லீவில் கடைப் பாட்டிலிலிருந்த சொட்டு நீலத்தை வாயில் ஊற்றிக்கொண்டு, நாக்கை நீட்டி டாக்டரையே பயமுறுத்தினாளே, அதை இன்றைக்கும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் அத்தை அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்களும் என் மகளும் சின்னவளும் எந்தக் குறையும் இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும். உங்கள் அப்பாவின் முழங்காலுக்கு என் தனி அன்பு. உங்கள் அம்மாவுக்கு அத்தையின் விசாரிப்பு. அரை மீசையின் வணக்கமும் இதில் சேர்ந்திருக்கிறது.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்து, "அந்தப் பாட்டில்ல இருக்கறது கேன் தண்ணிங்க" என்றாள். நான் கை கழுவப் போன நேரத்தில் மாற்றியிருக்கிறாள். மெழுகு வைத்தேனே என்றேன். "நம்ம வீட்டு மெழுகுதானே, எனக்கு இருக்கற இடம் தெரியாதா?" என்கிறாள். என்னை அறியாமல் கத்திவிட்டேன். இன்னும் என்னடி மானம் என்று கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. "முன்னாடி பண்ணினது மானத்துக்குத்தான், ஒத்துக்கறேன். இது அதுக்கில்ல. அந்த வீட்ல சின்னவ இருக்கா. எந்தப் பாட்டிலைப் பாத்தாலும் திறந்து வாயில வைக்கற புள்ள. தாத்தா வீட்டுத் தண்ணின்னு எடுத்துக் குடிச்சிட்டா?" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதைக் கீழ்க்கண்டவாறு திருத்தி வாசிக்கவும். பாட்டிலைப் பரிசோதிக்க வேண்டாம், நல்ல தண்ணீர், தாகம் எடுத்தால் குடியுங்கள். நேரில் வர வேண்டாம் என்றதை அடித்துவிட்டு, வந்தே ஆக வேண்டும் என்று போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டிலை உங்கள் கையாலேயே கிணற்றில் இறக்குங்கள், நிரம்பும்வரை உங்கள் அத்தையை நான் பிடித்துக்கொள்கிறேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். அதையும் இங்கேயே வெளுத்துத் தருகிறேன், போட்டுக்கொண்டு நேராக உங்கள் மேனேஜர் அறைக்குள் போய் நில்லுங்கள். போட்டிருக்கிற சட்டையை உங்கள் அத்தையால் மாற்ற முடியாது.

சின்னவளை அனுப்ப வேண்டாம். கிணற்றடியில் எப்போதும் கவிழ்த்து வைத்திருக்கும் அவளுடைய சிவப்பு வாளியைக் காணோமே என்று தேடினேன். உங்கள் அத்தை அதைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை. முதல் பக்கத்தில் இது புகார்க் கடிதம் அல்ல என்று எழுதியிருந்தேன், அதையும் அடித்துவிடுங்கள் மாப்பிள்ளை. இது புகார்தான்.