தெக்லாவுக்குத் துணைக்கு வந்தவள்

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் ஏணியில் ஏறி இறங்கி வலது தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, மாமாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் கோபப்பட வேண்டாம். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, அப்புறம் நிதானமாகக் கோபப்படவும்.

போன வாரம் நீங்கள் போட்ட கார்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "ஏன்டி போகலை?" அந்த ஒரு வரியை நான் துணி மடிக்கும் மேஜையில் வைத்துப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் இருபது வருஷம் கண்ணாடிக் கூடுகளுக்குள் வெல்வெட் ஒட்டியவர் நீங்கள். யாரிடமும் எதுவும் கேட்காத நீங்கள் எனக்காக அந்த மாஸ்டரிடம் வாய் திறந்து, லென்ஸ் தேய்க்கும் பயிற்சியில் இருக்கிற பன்னிரண்டு இடத்தில் ஓர் இடம் கேட்டீர்கள். எனக்கு இந்த உலகத்தில் வேண்டும் என்று இருந்தது அது ஒன்றுதான். கலங்கலாக வருகிற ஒரு கண்ணாடித் துண்டைத் தேய்த்துத் தேய்த்து, அதன் வழியாக யாரோ ஒருவருக்கு எதிர்ச் சுவரில் இருக்கும் பல்லி தெரிய வைப்பது. அத்தை, நான் போனேன். போகாமல் இருந்திருந்தால் இவ்வளவு பெரிய கடிதம் எழுத வேண்டியிருக்காது.

எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள் எனக்கு வைத்த பெயர். இது குற்றச்சாட்டு இல்லை. உங்களுக்கும் அதே பெயர்தான், எனக்குத் தெரியும். நீங்கள் இங்கிருந்து போன பிறகு அந்தப் பெயர் எவ்வளவு பெருகிவிட்டது என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின புனித தெக்லாவைத் தீயில் நிறுத்தியபோது மழை வந்து அணைத்ததாமே, அதனால் நம் தெருமுனைத் தீயணைப்பு வண்டிக்குத் தெக்லா என்று பெயர். பெண் சிங்கம் அவள் காலை நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டதாம், அதனால் செருப்புக் கடைக்கும் தெக்லா, நாய்க்கடிக்கு ஊசி போடும் மருந்தகத்துக்கும் தெக்லா. பாறை பிளந்து அவளுக்கு வழி விட்டதாம், அதனால் ஜல்லி உடைக்கும் இயந்திரத்துக்கும், ஒருவர் யோசித்து யோசித்துப் பூட்டுக் கடைக்கும் அதையே வைத்திருக்கிறார். இருமல் மருந்து ஒன்றுக்கும் தெக்லா. அது எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை, இருமலும் நிற்பதில்லை. இந்தப் பலகை எல்லாம் எழுதுவது யார் என்று நினைக்கிறீர்கள்? அப்பாதான். அந்தப் பெயருக்கென்றே ஒரு தகரத் தகடு வெட்டி வைத்திருக்கிறார். சுவரில் வைத்து மேலே வண்ணத்தை அடித்து எடுத்தால் தெக்லா. வெட்டும்போது மெய்யெழுத்தின் புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதனால் இந்தப் பக்கத்தில் எந்தத் தெக்லாவைப் பார்த்தாலும் தலைக்கு மேல் ஒரு நிலா நிற்கும்.

கடைகள் பரவாயில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. மனுஷிகள்தான் சிக்கல். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் ஐந்து தெக்லா. நான் ஐந்தாவது. வருகை எடுக்கும்போது டீச்சர் ஐந்து முறை அந்தப் பெயரைச் சொல்வார். நான்கு பேர் "உள்ளேன்" என்று கத்தி முடித்தபின் ஐந்தாவதாகக் கத்துவது ஏதோ பொய் சொல்வது போல இருக்கும், எனக்குக் குரலே வராது. தினமும் போனேன், ஆனால் பதிவேட்டின்படி நான் போகவில்லை. வருஷக் கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டு நூற்றுப் பதினோரு நாள் வரவில்லை என்று காட்டினார்கள். அப்பா என்னைப் பார்த்தார். அப்போதும் எனக்குக் குரல் வரவில்லை. அப்படித்தான் எட்டாம் வகுப்போடு நின்று இந்தச் சலவைக்கூடத்துக்கு வந்தேன். நீங்கள் இத்தனை நாளும் அம்மாவுக்குக் கைவலி, அதனால்தான் நின்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அம்மாவுக்குக் கைவலி வந்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து.

சலவைக்கூடம் எனக்குப் பிடிக்கும். ஆவி கிளம்பினால் அறை முழுக்க வெள்ளையாகிவிடும், கொடியில் தொங்கும் சட்டைகள் உள்ளே ஆள் இல்லாமலேயே மெல்லத் தோளைக் குலுக்கிக்கொள்ளும், இஸ்திரி போடும் அக்கா எங்கோ தூரத்தில் பாடுவது மாதிரி இருக்கும், ஆனால் அவர் என் பக்கத்தில்தான் நிற்பார். முதலாளியம்மாவும் தெக்லா, வாடிக்கையில் பாதிப் பேர் தெக்லா என்பதால், இங்கே துணியில் பெயர் எழுதுகிற வழக்கமே இல்லை. தொழிலைப் பார்த்துச் சிவப்பு நூலில் ஓர் அடையாளம் தைப்போம். தையற்காரத் தெக்லாவுக்கு ஊசி, நர்ஸ் தெக்லாவுக்குச் சொட்டு, பல் டாக்டர் தெக்லாவுக்குப் பல், கசாப்புக்கடைத் தெக்லாவுக்கு எலும்பு. அடையாளம் தைப்பது என் வேலை. என் சொந்தத் துணிக்கு ஒரு ஜன்னல் தைத்திருக்கிறேன். அந்தப் புனிதவதி பிரசங்கம் கேட்க வெளியே போகத் தைரியமில்லாமல் மூன்று நாள் தன் வீட்டு ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தாளாமே. அவள் கதையில் எனக்குப் பொருத்தமாக இருப்பது அந்த மூன்று நாள்தான். சிங்கம் வரைக்கும் நான் போகமாட்டேன்.

பயிற்சிக்கான அழைப்பு வந்ததே ஒரு கூத்து. உறையின் மேல் "தெக்லா, தெக்லா சலவைக்கூடம் அருகில்" என்று மட்டும் எழுதியிருந்ததால் தபால்காரர் வரிசையாக எல்லா தெக்லாவிடமும் காட்டிக்கொண்டே வந்திருக்கிறார். என் கைக்கு வந்தபோது உறை நான்கு தடவை பிரித்து ஒட்டப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் "எனக்கு இல்லை, ஆனால் நல்ல வாய்ப்பு" என்று பூட்டுக் கடைக்காரரின் மனைவியும், "லென்ஸ் தேய்த்தால் தும்மல் வரும், மூக்கில் துணி கட்டிக்கொள்" என்று நர்ஸும் எழுதியிருந்தார்கள். அன்று முழுக்க எனக்கு ஒரே மயக்கம். அந்த மயக்கத்தில் பல் தைக்க வேண்டிய இடத்தில் நான் தைத்தது எலும்பு மாதிரி ஆகிவிட்டது. டாக்டரின் வெள்ளைக் கோட்டுகள் கசாப்புக்கடைக்கும், அங்கிருந்து துவைக்க வந்த ஏப்ரன்கள் டாக்டரிடமும் போய்ச் சேர்ந்தன. கசாப்புக்காரம்மா அந்தக் கோட்டைக் கழற்ற மனமில்லாமல் இரண்டு நாள் போட்டுக்கொண்டு நின்றார்களாம், ஒரு பெரியவர் வாயைத் திறந்து காட்டிவிட்டு அரைக்கிலோ வாங்கிப் போனாராம். டாக்டரிடம் வந்தவர்கள் ஏப்ரனைப் பார்த்ததும் வலி போய்விட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். முதலாளியம்மா என்னைத் திட்டவில்லை. "இது கனவு காணுற கை. போய் அந்தக் கண்ணாடி வேலையையாவது கத்துக்க, மத்தியானத்துக்கு மேல விட்டுடறேன்" என்றார்கள்.

இப்போது நேர்காணல் நாளுக்கு வருகிறேன். பட்டறையின் காத்திருப்பு அறை உங்களுக்குத் தெரியும், நீளப் பெஞ்சு, எதிரில் மாதிரிக் கண்ணாடிகள் வைத்த அலமாரி. வெயில் அந்தக் கண்ணாடிகள் வழியாக வந்து தரையில் ஒரு பொட்டு வெளிச்சமாக விழுந்திருந்தது. அது மெதுவாக நகர்ந்து ஒருவரின் செருப்பில் ஏறி, அடுத்தவரின் பையில் இறங்கி, என் பக்கமாக வந்துகொண்டிருந்தது. என் கால் வரைக்கும் வந்தால் எனக்கு இடம் கிடைக்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு சாண் இருந்தது. அப்போதுதான் எழுத்தர் கதவைத் திறந்து "தெக்லா" என்றார். மூன்று பேர் எழுந்தார்கள். நான் நான்காவது, எழவில்லை. யார் யாரெல்லாம் எழுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழலாம் என்று இருந்தேன். எழுத்தர் பேனாவால் காதைச் சொறிந்துகொண்டு, "அத்தை சிபாரிசுல வந்த தெக்லா யாரும்மா?" என்றார்.

அத்தை, இருபது பேர் உட்கார்ந்திருந்த அறை அது. அந்த வார்த்தையைக் கேட்டதும் நின்ற மூவரில் இருவர் ஊசி குத்தினாற்போல் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அந்த நேரத்தில் எழுந்தால் சிபாரிசு என்று நெற்றியில் எழுதிக்கொண்டு எழுவது போல அல்லவா? ஒரு பெண் மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். மெலிந்த பெண், என் வயதுதான், இரண்டு பஸ் மாறி வந்த அசதியில் தூங்கிப்போய், பெயரைக் கேட்டு விழித்து எழுந்தவள். எப்போது உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுத்தர் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். வெளிச்சப் பொட்டு என் காலுக்கு வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். "ஆட்டுப்பண்ணைக்காரர் மகள் தெக்லா" என்று எழுத்தர் மூன்று முறை கூப்பிட்டார், யாரும் எழவில்லை. பாவம், யாரோ வரவில்லை போலிருக்கிறது என்று நானும் சுற்றிப் பார்த்தேன். கடைசியில் பெஞ்சில் நான் மட்டும்தான். எழுத்தர் வந்து, "நீ யாரும்மா?" என்றார்.

"துணைக்கு வந்தேன்."

"யாருக்கு?"

"தெக்லாவுக்கு."

"அவங்க எல்லாரும் போயாச்சேம்மா" என்று சொல்லி விளக்கை அணைத்தார். நான் சொன்னது பொய் இல்லை அத்தை. பிறந்ததிலிருந்து நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

வீட்டில் இடம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை, போகவே இல்லை என்று நினைத்து உங்களுக்கு எழுதிவிட்டாள். வகுப்பு தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. மத்தியானமானால் என் ஜன்னலிலிருந்து பட்டறையின் புகைபோக்கி தெரிகிறது, அதை நான் பார்ப்பதில்லை, ஆனால் அது தெரிகிறது. ஆகவேதான் இந்தப் படிவம். பெயர் மாற்றப் படிவம். பதினெட்டு ஆகாததால் வீட்டுப் பெரியவர் கையெழுத்து வேண்டுமாம். அப்பாவிடம் நீட்டினேன். "புதுப் பேருக்குத் தகடு யாரு வெட்டுறது? என் தோள் இருக்கிற லட்சணத்துல?" என்றார். பிறகு தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா வச்ச பேரு. அக்காகிட்டயே கேட்டுக்க" என்றார். புதுப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். யாரிடமும் இல்லாத பெயராக ஒன்று வேண்டும். கூப்பிட்டால் நான் மட்டும்தான் என்று எனக்கே நிச்சயமாகத் தெரிகிற மாதிரி. ஆவிக்குள் நின்று சில பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன், எதற்கும் நான் திரும்பவில்லை. நீங்களே ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாலும் சரி. உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். எனக்கும்தான்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் கையை என் தலையில் வைத்ததாக நினைத்துக்கொள்கிறேன், நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளவும். அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உறைக்குப் பசை எடுத்துக் கொடுத்தது அப்பாதான்.

இப்படிக்கு,
இன்னும் கொஞ்ச நாளைக்கு மட்டும் தெக்லா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். சற்றுமுன் சலவைக்கூடத்துக்கு ஒரு பெண் வெள்ளைக் கோட்டு ஒன்றைத் துவைக்கப் போட வந்தாள். கை முழுக்கக் கண்ணாடி மாவு. அடையாளம் தைப்பதற்காகப் பெயர் கேட்டேன். தெக்லா என்றாள். எந்தத் தெக்லா என்றேன். "அதுதாங்க எனக்கும் தெரியலை" என்றாள். அந்த மெலிந்த பெண்தான். தினமும் வருகை எடுக்கும்போது எழுத்தர் முதலில் தெக்லா என்கிறாராம், இவள் எழுகிறாளாம். பிறகு ஆட்டுப்பண்ணைக்காரர் மகள் தெக்லா என்கிறாராம், யாரும் எழுவதில்லையாம். நேர்காணலுக்கு வந்ததாகவே எண்ணி எழுத்தர் அந்தப் பெயரையும் பட்டியலில் ஏற்றிவிட்டாராம். "அது நான்தான்னு ரெண்டாவது நாளே புரிஞ்சுபோச்சு. அதுக்குள்ள மாஸ்டர் கிட்ட உங்க அத்தையைப் பத்தி நிறையச் சொல்லிட்டேன், அப்புறம் எப்படிப் பின்வாங்குறது?" என்றாள். சிபாரிசு யாருக்கு வந்தது என்று விசாரித்து விசாரித்து, தபால்காரர் மூலம் என்னைக் கண்டுபிடித்திருக்கிறாள். என் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவள் நாற்காலி காலியாக இருக்கிறது. பத்து நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம். நாளைக்குப் பத்தாவது நாள்.

எனக்குக் குரல் வராது என்று சொன்னேன். "குரலே வேண்டாம். ஆட்டுப்பண்ணைக்காரர் மகள்னு கூப்பிட்டா எழுந்து நின்னாப் போதும். நீ எழுந்திருக்கிற வரைக்கும் நானும் உட்காரமாட்டேன்" என்றாள். அவள் கோட்டில் ஓர் ஆடு தைத்திருக்கிறேன். ஆடு போலவே வந்திருக்கிறது.

ஆகவே அத்தை, படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, எனக்குப் பதில் எழுத உதவும். யாராவது ஆடுகளைப் பற்றி விசாரித்தால் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று நான் சொல்ல வேண்டுமாம். உங்கள் முழங்கால் இப்போது எவ்வளவோ தேவலை, மாடிப்படி ஏறுகிறார்கள் என்று அவள் மாஸ்டரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். தயவுசெய்து ஏறிப் பழகவும்.