இழப்பே இல்லாத குளம்

எல்லா வசதியும் இருந்தும், ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற குளம் மட்டும் அலுவலக முற்றத்தில் இல்லையே என்ற குறை மேலதிகாரியை வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. வெட்டினார்கள். மீனுக்கு எங்கே போவது? நல்ல பெயர் வாங்கும் ஆசையில் தலைமை எழுத்தர் வாயை விட்டார்.

"எங்க வீட்டுல மூணு இருக்கு சார்."

அவர் மனைவி பிள்ளைபோல் வளர்த்த தங்கமீன்கள். வாளியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்: "ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டுப் பக்கம் வராதீங்க. அந்தக் குளத்தங்கரையிலேயே குடித்தனம் பண்ணிக்குங்க."

மறுநாளே மதிலில் ஒரு சாம்பல் பூனை வந்து உட்கார்ந்தது. எழுத்தர் ஓடிப்போய் வலை வாங்கிக் குளத்தை மூடினார்.

"என்னய்யா, மீனை ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கு?" என்றார் மேலதிகாரி. "வர்றவங்க என்ன நினைப்பாங்க? ஆபீஸ் நேரத்துல எடுத்துடு."

இந்த ஆணையை யார் போய்ச் சொன்னார்களோ, பூனை அலுவலகம் திறக்கும்போது வந்து மூடும்போது கிளம்பியது. அந்தக் கட்டடத்தில் நேரம் தவறாத ஒரே ஆள் அதுதான். எழுத்தர் நாற்காலியைக் குளத்தோரம் போட்டுக்கொண்டார். ஒரு கண் கோப்பில், ஒரு கண் பூனையில், கையெழுத்தெல்லாம் கோணல். அப்படியும் ஒருநாள் பூனை தண்ணீரில் கையை வைத்துவிட்டது. உடனே உயர்மட்டக் கூட்டம் கூடியது.

"பூனை எதுக்கு வருது?"

"மீனுக்கு சார்."

"அப்ப கோளாறு மீன்கிட்டதான். மீனை எடுத்துட்டா?"

"வராது சார்."

"இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா?"

எழுத்தருக்குப் போன உயிர் திரும்பியது. அன்று மாலையே வாளியோடு வீடு சேர்ந்தார். மனைவி ஜன்னல் வழியாக எண்ணிப் பார்த்த பிறகே கதவைத் திறந்தாள்.

வெறுங்குளத்துக்கு இப்போது வலையைத் தைரியமாக விரித்தார்கள். வேலி போட்டார்கள், காவலாளியும் வந்தார். ஆண்டு முடிவில் 'மீன் இழப்பு அறவே இல்லை' என்று கண்டு, மேலிடம் அந்தக் குளத்துக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. பார்த்தவர்கள் வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் தங்கள் குளத்து மீன்களை வெளியேற்றி, வலை கட்டினார்கள். மீன் வளர்ப்பது பட்டிக்காட்டுத்தனம் என்று பேச்சாகிவிட்டது.

ஒருநாள் மனைவி மெல்ல ஆரம்பித்தாள். "ஏங்க, எதிர்வீட்டுக் குளம் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்க. நம்ம வீட்டுல மட்டும் இன்னும் மீன். வெளியே தலைகாட்ட முடியல. எங்கயாவது விட்டுட்டு வாங்க."

"பிள்ளை மாதிரின்னு சொன்னியே?"

"அது அப்போ."

மறுபடி வாளி. பக்கத்து வீட்டார் கையெடுத்துக் கும்பிட்டார்: "வேணாங்க, நாங்களே இப்பத்தான் காலி பண்ணினோம்." அலுவலகக் காவலாளி வாசலிலேயே மறித்தார்: "மீனை உள்ளே விட்டா விருது போயிடும் சார்."

தெருமுனையில் எழுத்தர் வாளியை இறக்கி வைத்தார். காலில் ஏதோ உரசியது. எலும்பும் தோலுமாய் அந்தச் சாம்பல் பூனை.

"நீயாவது கேட்டியே," என்றார் எழுத்தர்.