தட்டி கட்டிய பெட்டி

காற்றுக்கு மறைப்புக் கட்டினால் காற்று அடங்கிவிடும் என்று பதினேழு வயதில் நம்பினேன். நான் நம்புவதெல்லாம் சரி என்றும் நம்பினேன். (இப்போதும் அப்படித்தான். காற்று விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்.)

வெள்ளைக்காரன் போவதற்கு முந்திய வருசம். தூத்துக்குடி உப்பளத்தில் அப்பா மேஸ்திரி. எங்கள் வீடும் அளத்துக்குள்ளேதான். வடக்கே ரோடு, தெற்கே வீடு, நடுவே ஓடை. உப்பு மூடைகள் ஓடையைத் தாண்ட முதலாளி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். வரிசையாகத் தூண்கள், அவற்றின் மேல் ஒற்றைத் தண்டவாளம், அதற்கடியில் சக்கரம் மாட்டித் தொங்கும் இரும்புச் சட்டப் பெட்டி. வடத்தைப் பிடித்து இழுத்தால் வரும். மனிதர்கள் மட்டும் முழங்கால் தண்ணீரில் நடப்போம்.

ஆனி முடிய நாலு நாள் இருக்கையில் ஆத்தூரிலிருந்து எனக்கு நிச்சயம் பண்ண வந்தார்கள். அன்றைக்கு வெற்றிலை மாற்றாவிட்டால் ஆடி பிறந்துவிடும். ஆவணிவரை காத்திருக்க மாட்டார்கள். அவர்கள் பார்த்துவைத்த வேறொரு பெண்ணும் இருந்தாள்.

"முழங்கால் தண்ணிதான ஏளா, நடந்து வரட்டும்" என்றார் அப்பா.

"சேலையைத் தூக்கிக்கிட்டு வந்தா அது சம்பந்தியா, நண்டு பிடிக்க வந்த ஆளா?" என்று அவர் வாயை அடைத்தேன். வரப்போகிற மாமியாரைப் பெட்டியில் ஏற்றி இழுப்பது என்று முடிவானது. அதோடு விட்டேனா? மேற்கே இருந்து வீசும் கச்சான் காற்று அவர் கொண்டையைக் கலைத்துவிடுமே என்று, பெட்டியின் இரண்டு பக்கமும் பனையோலைத் தட்டியை வைத்து நாரால் வரிந்து கட்டினேன். பார்க்கப் பல்லக்குத்தான்.

மாமியாரும் வெற்றிலைத் தாம்பாளமும் உள்ளே. மாப்பிள்ளையும் மற்றவர்களும் பக்கத்தில் தண்ணீரில். நடு ஓடைவரை ராணி மாதிரி வந்தார். அங்கே கச்சான் தட்டியில் மோதியது. பெட்டி தொட்டிலாக ஒரு பக்கம் ஏறியது, இறங்கியது, மறுபக்கம் ஏறியது. உப்பு மூடை என்றால் பாரம் பிடித்துக்கொள்ளும். சட்டங்களுக்கு நடுவே காற்றும் போய்விடும். நானோ வழியை அடைத்து அதைப் பாய்மரத் தோணி ஆக்கியிருந்தேன். சாய்ந்த சாய்ப்பில் சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டது. அப்பா இழுக்க இழுக்க ஆட்டம்தான் கூடியது. ஆத்தூர் வெற்றிலை ஒவ்வொன்றாகப் பறந்து உப்புப் பாத்தியில் இறங்கியது.

பாதி பூ வைத்த தலையோடு கரைக்கு ஓடினேன். போச்சு கல்யாணம்.

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "இதைக் கட்டுனது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான்தான், அத்தை."

"நல்லாத்தான் கட்டியிருக்க. அவுக்க முடியல."

பிறகு கடக், கடக் என்று சத்தம். இடுப்பில் செருகியிருந்த பாக்குவெட்டியால் நாரை வெட்டிக்கொண்டிருந்தார். கிழக்குத் தட்டி பறந்துபோய் மாப்பிள்ளை தலையில் உட்கார்ந்தது. மேற்குத் தட்டியை ஒரே உதை, ஓடையில் விழுந்தது. பெட்டி அடங்கி, சமர்த்தாகக் கரை சேர்ந்தது.

அவிழ்ந்த கொண்டையோடு இறங்கினார். நான் தரையைப் பார்த்தேன். "முடிச்சு உறுதியாப் போடுதா, இவ போதும்" என்றார் அப்பாவிடம். "காத்து எங்கன போகும்னு நான் சொல்லிக் குடுத்துக்கிடுதேன்." பாத்தியில் பொறுக்கிய வெற்றிலையைத்தான் மாற்றினோம். கரித்தது.

வெகுகாலம் கழித்து, கப்பல் வேலைக்குப் போன என் மகன் கடிதம் எழுதினான். ஜெர்மனியில் ஓர் ஊரில் ரயிலே தண்டவாளத்துக்கடியில் தொங்கிக்கொண்டு போகிறதாம், சுற்றிலும் அடைத்த பெட்டியாம், உள்ளே ஆட்களாம். வாசிக்கக் கேட்ட மாமியாருக்கு ஒரே கவலை.

"உள்ள பாக்குவெட்டி வச்சிருக்கானுவளான்னு கேட்டு எழுது ஏளா."

அடுத்த பயணத்தில் அவன் ஒன்று வாங்கிக்கொண்டு போனான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் ரயிலேறினாலும் டிக்கெட் இருக்கா என்று யாரும் கேட்பதில்லை. பாக்குவெட்டி எடுத்தாச்சா என்றுதான் கேட்கிறார்கள், என்னைப் பார்த்துக்கொண்டே.