நீலகண்டன் சாரின் வலது கை

மட்டாஞ்சேரி பஜாரில் ஓட்டுக்கூரை ஒழுகுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒழுகும் கூரையைச் சரிசெய்வதற்குத்தான் அனுமதி வேண்டும். நூறு வயது தாண்டிய கட்டடங்கள் நாட்டின் செல்வம் என்பதால், பழங்கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில் மனு கொடுத்து, அதிகாரி கையெழுத்திட்ட உத்தரவு வந்த பிறகே ஒரு ஓட்டைக்கூடத் தொடலாம் என்பது விதி.

சுக்கு மொத்த வியாபாரம் செய்யும் லதீஃபா விதியை மதிக்கிறவள். அவளுடைய கிடங்கின் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. சுக்கில் ஈரம் பட்டால் பூசணம் பிடித்துவிடும். இடவப்பாதி மழை ஜூனில் தொடங்கும் என்று ஜனவரியிலேயே மனு கொடுத்திருந்தாள். ஏப்ரல் மாதம் மூன்றாவது முறையாகப் போனபோது தலைமை எழுத்தர் வெங்கிட்டு அவளை உட்காரச் சொல்லி, சாயாவும் வரவழைத்து, விஷயத்தைச் சொன்னார். ஃபைல் தயார். எல்லோரும் பார்த்தாயிற்று. அதிகாரியின் வலது கை மட்டும் பயிற்சியில் இருக்கிறது.

"சாருக்குக் கை சுளுக்கா?" என்று கேட்டாள் லதீஃபா.

"இல்லை இத்தா. கை நல்லா இருக்கு. அதை இன்னும் நல்லாக்கறதுக்குத்தான் பயிற்சி."

இதன் பின்னணி நிர்வாகச் சிறப்பு மிக்கது. துறையின் இயக்குநர் சென்ற வருடம் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். அதற்கடுத்து வந்த பதவி உயர்வுப் பட்டியலில் இருந்த நால்வருக்கும் இடது கை மட்டும் வெளுத்திருந்தது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் இடது கையில் மட்டும் உறை போடுவார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட அதிகாரி நீலகண்டன், அந்த வாரமே ஒரு உறை வாங்கினார். பிறகு மட்டை வாங்கினார். ஆனால் அவர் அடித்த பந்தெல்லாம் வலது பக்கமாக வளைந்து போய்க் காயலில் விழுந்தது.

பயிற்சியாளர் குற்றத்தைக் கண்டுபிடித்தார். மட்டையை வீசும்போது இடது கை முன்னே போகிறது, வலது கை பின்னால் வருகிறது. எல்லோரும் முன்கையைக் கவனிக்கிறார்கள். வெற்றியோ பின்கையில் இருக்கிறது. அது சாயாத் தட்டு ஏந்துகிறவனின் கைபோல மடங்க வேண்டும், முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. நீலகண்டனின் வலது கை இருபத்தாறு வருடமாக மேசையைத் தட்டியும், ஆளைக் கூப்பிட்டும், முக்கியமாகப் பேனா பிடித்தும் கெட்டுப்போயிருந்தது. புதுப் பழக்கம் ஏற வேண்டுமானால் பழைய பழக்கத்தை நிறுத்தியாக வேண்டும். நீலகண்டன் கடமை தவறாதவர். மறுநாளே பேனாவை நிறுத்திவிட்டார்.

லதீஃபா உள்ளே போய்ப் பார்த்தாள். அதிகாரி வலது அக்குளில் ஒரு துண்டைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது கீழே விழாமல் இருந்தால் முழங்கை ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். இடது கையால் போடலாமே என்று அவள் பணிவாகக் கேட்டாள். போட்டுப் பார்த்ததாகவும், மாதிரிக் கையெழுத்துடன் ஒத்துப்போகவில்லை என்று கருவூலம் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் அவர் வருத்தத்துடன் சொன்னார். குறைந்தபட்சம் கூரையையாவது நேரில் வந்து பார்க்கும்படி அவள் கேட்டுக்கொண்டாள். பார்ப்பதற்குக் கை வேண்டாம் என்பதால் அவர் ஒப்புக்கொண்டார்.

அவர் வந்த நேரத்தில் லாரியிலிருந்து சுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இறக்கியவன் சங்கிலிப்பாண்டி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், பதினோரு வருடமாக லதீஃபாவிடம் சுமை வேலை. மூட்டையை வாங்கி, வலது முழங்கையை இடுப்போடு ஒட்டி, உடம்பைத் திருப்பி ஒரே வீச்சில் மேடையில் போடுவான். நீலகண்டன் நாற்பது நிமிடம் அசையாமல் நின்றார். ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. அவர் சொல்ல, வெங்கிட்டு எழுதிய ஆய்வறிக்கையில் இப்படி இருந்தது: 'கூரை பார்வையிடப்பட்டது. வலது முழங்கை விலாவை விட்டு எந்நிலையிலும் விலகவில்லை.'

மறுநாள் லதீஃபாவுக்குக் கடிதம் வந்தது. பொதுநலன் கருதி மேற்படி சங்கிலிப்பாண்டியின் சேவை தினமும் முற்பகலில் அலுவலகத்துக்குத் தேவைப்படுகிறது. ஆளைக் கொடுத்தால் கையெழுத்து வரும் என்று நம்பி அவளும் அனுப்பினாள். இப்போது அவளிடம் கூரையும் இல்லை, ஆளும் இல்லை.

சங்கிலிப்பாண்டிக்கு கோல்ஃப் தெரியாது. பந்து எவ்வளவு கனம் என்று முதலில் கேட்டான். எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை என்று தெரிந்ததும் நீலகண்டனை இரக்கத்துடன் பார்த்தான்.

"கையை மறந்துட்டு இடுப்பைத் திருப்புங்க சார். மூட்டை தானாப் போகும்."

நீலகண்டன் இதைத் தத்துவமாக எடுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் பந்து நேராகப் போனது. சங்கிலிப்பாண்டிக்குப் பின்கை ஆலோசகர் என்று பெயர் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடச் சொன்னார்கள். அவன் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தான்.

அதிகாரியும் தலைமை எழுத்தரும் அந்தக் கட்டைவிரலையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்கிட்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இடது கட்டைவிரல் ரேகை எல்லா ஆவணங்களுக்கும் செல்லும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மட்டும்.

இரண்டு பட்டம் வாங்கிய நீலகண்டன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். இயக்குநர் கோப்பைக்கான ஆட்டத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது. மறுநாள், தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். அதில் கட்டைவிரல் ரேகை வைத்திருந்ததால், சொன்னது உண்மை என்று யாரும் சந்தேகப்படவில்லை. முழு எழுத்தறிவு பெற்ற மாநிலத்தில் புதிதாக ஒருவர் எழுத்தறிவில்லாமல் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்டு, எழுத்தறிவு இயக்கத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சிலேட்டும் அரிச்சுவடியும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் சார் கற்றுக்கொள்வார் என்று வெங்கிட்டு அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்.

அதற்குப் பிறகு அந்த அலுவலகம் நடந்த வேகத்தை மட்டாஞ்சேரி அதற்கு முன் பார்த்ததில்லை. முன்பு நீலகண்டன் ஒவ்வொரு ஃபைலையும் படித்துச் சந்தேகம் கேட்பார், நான்கு மாதம் ஆகும். படிக்கத் தெரியாதவர் எதைப் படிப்பார்? ஒரு நாளைக்கு அறுபது ஃபைல் போயிற்று. ஒரே ஒரு நிபந்தனை. ரேகை வைப்பவருக்கு உத்தரவைப் படித்துக் காட்டியதாக, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலர்கள் யாரும் முன்வராததால், மனுதாரரே சாட்சியாகலாம் என்று வெங்கிட்டு குறிப்பெழுதினார்.

பஜார் பூரித்துப்போனது. நன்றி காட்டும் வகையில் ஒரு புரோக்கர் அக்குளில் துண்டு இடுக்கிக்கொண்டு அலுவலகம் போனார். அவருடைய ஃபைல் முதலில் எடுக்கப்பட்டது. அடுத்த நாள் வரிசை முழுவதும் துண்டு. சுள்ளிக்கல்லில் ஒரு துணிக்கடைக்காரர் பின்கைத் துண்டு என்று பலகை வைத்தார். படகுத்துறையில் இளைஞர்கள் ஒற்றைக் கையை மடக்கிக்கொண்டு நடந்தார்கள். துண்டு வைத்தபின் முதுகுவலி போய்விட்டதாகச் சொன்னவர்களும் உண்டு.

லதீஃபா இதையெல்லாம் பார்த்துச் சிரித்தாள். மே கடைசி வாரத்தில் அவள் முறை வந்தபோது, சங்கிலிப்பாண்டியின் தலைத்துண்டை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டு போனாள். பிழைக்க வேண்டாமா.

உத்தரவு இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் அவள் பெயர், கிடங்கு எண், 'மேற்கூரை ஓடுகள் தொடர்பாக அனுமதி வழங்கப்படுகிறது' என்ற வரி, கீழே சாட்சிக்கான இடம். இடது கையில் ஃபைல் இருந்தது; தாளைப் புரட்ட வேண்டுமானால் வலது கையை விலக்க வேண்டும், விலக்கினால் துண்டு விழும். நீலகண்டன் அவளுடைய முழங்கையை மெச்சுதலோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புரட்டாமல், முழங்கையை அசைக்காமல், விரலை மட்டும் நகர்த்திக் கையெழுத்துப் போட்டாள். அவர் ரேகை வைத்தார். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டே நாளில் ஓடுகளை இறக்கிவிட்டாள். மூன்றாம் நாள் புது ஓடு வந்து இறங்கும்போது வெங்கிட்டு அந்த வழியாகப் போனார். நின்றார். உத்தரவை வாங்கி இரண்டாம் பக்கத்தைக் காட்டினார்.

"இத்தா, இது ஓடு இறக்கறதுக்கு உள்ள அனுமதி. ஏத்தறதுக்கு வேற மனு. இப்போ ஏத்தினா கேஸாயிடும்."

லதீஃபா வானத்தைப் பார்த்தாள். கடல் பக்கம் கருத்திருந்தது. சங்கிலிப்பாண்டியை மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போடச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கு ஓடினாள்.

அங்கே லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய நாள் ஆட்டத்தில் நீலகண்டன் இயக்குநருக்கு அடுத்த இடத்தில் வந்து, தம் திறமையையும் பணிவையும் ஒருசேர நிரூபித்திருந்தார். பதவி உயர்வு உத்தரவு காலையிலேயே வந்துவிட்டது. பயிற்சி முடிந்த வலது கையால் அவர் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். லதீஃபா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். ஒரே ஒரு வரி திருத்திக் கொடுத்தால் போதும் என்றாள்.

"திருத்தணும்னா பழைய ஆர்டரைப் படிக்கணும். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ரிக்கார்டு இருக்கே" என்றார் நீலகண்டன்.

"இப்போ எழுதிட்டுத்தானே இருக்கீங்க சாரே?"

"கை வந்துடுத்து. பிரமாணப் பத்திரம் ரத்தாகலை. அதுக்கு இயக்குநர் ஆர்டர் வரணும், ஆறு மாசம் ஆகும்." பிறகு சாட்சிக் கையெழுத்தைக் காட்டி, மனப்பூர்வமான அனுதாபத்தோடு கேட்டார்: "எனக்குத் தெரியாது, சரி. உங்களுக்குப் படிக்கத் தெரியும்னு நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கேள்?"

வெளியே முதல் தூறல் ஓட்டில் விழுவது கேட்டது. அவளுக்குப் பின்னால் அறைக்குள்ளும் வராந்தாவிலும் முப்பது நாற்பது பேர், நன்றி சொல்ல லட்டோடு வந்தவர்கள், அப்படியே நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஹோட்டல் வைத்திருக்கும் அல்தாஃப் தன் பையிலிருந்து உத்தரவை எடுத்தார். பக்கத்தில் நின்றவர் எடுத்தார். வராந்தா முழுக்கத் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

தங்களுக்கு என்ன அனுமதி கிடைத்திருக்கிறது என்று மட்டாஞ்சேரி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தது.